இடது காலைத் தூக்கிய ஊர்

சங்குமுனை மாதா கோவில் டிரம் செட்டில் முன்வரிசை அடிப்பது கஸ்பார் வீட்டுக்காரர்களின் உரிமை. கஸ்பார் கொழும்புக் கப்பலில் எடுபிடி வேலைக்குப் போய், அங்கே துறைமுகத்தில் சிப்பாய்கள் டிரம் அடித்தபடி அணிவகுத்துப் போவதைக் கேட்டுக் கேட்டுக் காது வழியாகவே அதைப் பிடித்துக்கொண்டு, ஊர் திரும்பும்போது தோளில் ஒரு சைடு டிரம்மோடு வந்து இறங்கியவர். அவருக்குப் பிறகு அவர் மகன் மனுவேல் அடித்தார். மனுவேலுக்கு ஆண்பிள்ளை இல்லாததால், ஊர் கொஞ்சநாள் முணுமுணுத்துவிட்டு அவர் மகள் பிலோமியை ஒத்துக்கொண்டது. பிலோமிக்கு மணிக்கட்டு வீங்கிக் குச்சி பிடிக்க முடியாமல் போனதும் டிரம்மின் வார் அவள் மகள் ஜெசிந்தாவின் தோளுக்கு மாறியது. மனுவேல் தன் சொந்தத் தாயின் சவ ஊர்வலத்திலேயே ஓர் அடி பிசகாமல் அடித்தவர் என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் பிலோமிக்குப் பெருமையாக இருக்கும், கூடவே காரணம் தெரியாத ஒரு பயமும் வரும்.

ஜெசிந்தா முதல்முறையாக முன்வரிசையில் நின்ற திருவிழாக் காலையில், சப்பரம் கோவில் வாசலைத் தாண்டியதும், அவள் இரண்டு குச்சிகளையும் தோலின்மேல் உருட்டி எடுத்து முதல் அடியை வைத்தாள், ஊர் மொத்தமும் இடது காலைத் தூக்கியது. சப்பரம் சுமந்தவர்கள், குடை பிடித்தவர்கள், மாடியில் நின்று பூ எறிந்தவர்கள், வெளியூரிலிருந்து வந்த பஞ்சுமிட்டாய்க்காரர், இடுப்பில் பிள்ளை வைத்திருந்தவர்கள், எல்லோருடைய இடது காலும் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்கியது, பிறகு வலது கால், பிறகு இடது கால், தெரு முழுக்க ஒரே சத்தம். அவரவருக்குக் கால் கொஞ்சம் லேசானதுபோல இருந்தது, அவ்வளவுதான். சப்பரம் திரும்பி வந்து டிரம் நின்ற பிறகும் நடை நிற்கவில்லை. வீட்டுக்குப் போனவர்கள் அதே நடையில் போனார்கள், மறுநாள் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் அதே நடையில் வந்தார்கள். ஊரின் ஒரு கோடியில் ஒருத்தி அடுப்படிக்குப் போக இடது காலை வைத்தால், இன்னொரு கோடியில் வலையைச் சுமந்து போகிறவனின் இடது காலும் அதே நொடியில் மண்ணில் பதிந்தது.

ஊர் அதற்குச் சீக்கிரமே பழகிவிட்டது. தையல்காரர் பாவாடைகளுக்குக் கூடுதலாக ஒரு மடிப்பு வைத்துக் கொடுத்தார், அகலமாகக் கால் வைக்கத் தோதாக. வள்ளத்தைக் கரைக்கு இழுப்பது பாதி வேலையாகக் குறைந்தது. குடித்துவிட்டு வருகிற ஆண்கள்கூட நேராக நடந்து வீடு வந்து சேர்ந்தார்கள், அதற்காக அவர்கள் மனைவிமார் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினார்கள். சண்டை போட்டுவிட்டு விறுவிறுவென்று எழுந்து போக யாராலும் முடியவில்லை, எதிராளியின் காலும் அதே கணக்கில் கூடவே வந்தது, அதனால் சண்டைகள் பாதியில் அசடு வழிந்து முடிந்தன. பையன்கள் பந்து விளையாடுவதை விட்டுவிட்டார்கள், எல்லோரும் ஒரே காலில் உதைக்கும்போது விளையாட்டில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் தவழாமல் நேரே எழுந்து நடந்தன. பஸ்ஸில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்கள் டீக்கடையை எட்டுவதற்குள் நடைக்குள் வந்துவிடுவார்கள், திரும்பிப் போகும்போது உப்பளத்தைத் தாண்டியதும் அது அவர்களை விட்டுவிடும். நாய்களுக்கு மட்டும் அது ஒட்டவில்லை. அவை கொஞ்சநாள் தெருவோரம் நின்று மனிதர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தன, பிறகு ஒவ்வொன்றாக உப்பளத்துப் பாதையில் வெளியேறிப் போயின. நாய்கள் போனதைப் பார்த்துப் பயந்தவள் பிலோமி ஒருத்திதான்.

அவளுக்குப் பயப்படக் காரணம் இருந்தது. அவள் புருஷன் இன்னாசிக்கு ஒரு கால் இளம்பிள்ளை வாதத்தில் சூம்பியது. அவர் கடலுக்குப் போகாமல் வலைக்கூடத்தில் உட்கார்ந்து கிழிசல் கட்டுகிறவர். நல்ல காலை நீட்டி வைத்து, கெட்ட காலைத் தொடையில் கை கொடுத்து இழுத்து, அப்படித்தான் நடப்பார், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவர் எந்தத் தெருவில் திரும்புகிறார் என்று கணக்குப் பார்த்துப் பிலோமி சோற்றை வடிப்பாள். இப்போது நடை அவருடைய கெட்ட காலையும் எல்லோருடைய காலையும்போலத் தூக்கித் தூக்கிப் போட்டது. வீட்டுக்கு வரும்போது முழங்காலுக்குக் கீழே கன்றிப்போயிருக்கும். எண்ணெய் தேய்க்கிறபோது, "விடு பிலோமி, ஊருக்கு வந்தது நமக்கும்" என்பார்.

ஒருநாள் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் அவர் விழுந்தார். பின்னால் கூடை சுமந்து வந்த பெண்கள் பார்த்தார்கள், "ஐயோ, இன்னாசியண்ணன்" என்று சொல்லவும் செய்தார்கள், ஆனால் கால்கள் காத்திருக்கவில்லை. ஒவ்வொருத்தியாக அவரைத் தாண்டிப் போனாள். ஒருத்தி அவர் கையை மிதித்துவிட்டாள், மிதித்ததற்கு அழுதுகொண்டே, அழுகையும் நடையும் ஒன்றாகச் சேர, தெருமுனைவரை போய்விட்டாள். சாயங்காலம் எல்லோரும் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள்.

"ஒண்ணு கவனிச்சேன் பிலோமி," என்றார் இன்னாசி, அவர்கள் போன பிறகு. "ரெண்டு கையும் மண்ணுல ஊனி விழுந்து கெடந்தேன்லா, அப்ப மட்டும் காலு என்னுதா இருந்துச்சு."

மழைக்காலம் வந்தபோது நடை கொஞ்சம் தளர்ந்தது. தளர்ந்ததும் ஊருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று, முழங்கால்கள் வலித்தன, உட்கார்ந்திருப்பவர்களின் பாதங்கள் தாமாகத் துடித்தன, சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகை வந்தது. ஊர்க் கமிட்டித் தலைவர் லியோன் மாஸ்டர் பிலோமியின் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், குரலை உயர்த்திப் பேசத் தெரியாத நல்ல மனுஷர். ஜெசிந்தா தினமும் காலையில் ஒருமுறை டிரம் அடித்துத் தெருக்களைச் சுற்றி வந்தால் ஊருக்கு உபகாரமாக இருக்கும் என்றார்.

"அடிக்கேன் மாமா," என்றாள் ஜெசிந்தா. அவளுக்கு இருபத்திரண்டு வயது. கடைக்குப் போனால் கூட்டம் அவளுக்கு வழி விட்டது, கர்ப்பிணிகள் அவள் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டார்கள். எந்த வயதில் அது பிடிக்காமல் இருக்கும்?

லியோன் மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. "இன்னொண்ணு பிலோமியக்கா. தப்பா எடுத்துக்கிடக் கூடாது. அந்த நேரத்துல அண்ணன் தெருவுல வராம இருந்தா அவியளுக்கு நல்லது. அண்ணனை மட்டும் சொல்லல. இடுப்பு ஒடிஞ்ச அன்னம்மாக் கெழவி இருக்கா, நிறைமாசக்காரி ரெண்டு பேரு இருக்காவ. எல்லாரையும் வலைக்கூடத்துல பத்திரமா உக்கார வச்சுருவோம்."

"உக்காந்திருப்பாவ," என்றாள் பிலோமி. "கதவை எதுக்குப் பூட்டணும்?"

பூட்டப்போவதாக அவர் சொல்லியிருக்கவில்லை. அவர் தரையைப் பார்த்தார். "பத்திரத்துக்குத்தான்," என்றார்.

அப்படியே நடந்தது. தினமும் விடிந்ததும் ஜெசிந்தா குச்சியை உருட்டுவாள், வீடுகளிலிருந்து ஜனங்கள் இறங்கி அவள் பின்னால் சேர்வார்கள். முதலில் விரும்பியவர்கள்தான் சேர்ந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக விருப்பம் தேவைப்படாமல் போயிற்று, டிரம் கேட்டால் படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள், சவரத்துக்கு உட்கார்ந்தவர்கள் பாதி முகம் நுரையோடு எழுந்தார்கள், அடுப்பில் பால் பொங்கிக் கருகுவது தெரிந்தும் பெண்கள் எழுந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. "காலு தன்னால போவுது, நாம ஒண்ணும் யோசிக்க வேண்டாம்" என்று புருஷனை இழந்த ஒருத்தி பிலோமியிடம் சொன்னாள், பல வருஷத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கியவளைப்போல அவள் முகம் இருந்தது. பிலோமியும் அந்தக் கூட்டத்தில்தான் நடந்தாள், அவள் காலும் சுகமாகத்தான் இருந்தது, அந்தச் சுகம்தான் அவளை நடுங்க வைத்தது. ஊர் சுற்றி முடித்து வலைக்கூடத்தைத் திறக்கும்போது உள்ளே இருந்தவர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சுவரில் முட்டிக்கொண்டு, திரும்பத் தெரியாமல், முட்டிய இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் இன்னாசியின் நெற்றியில் சுண்ணாம்பும் ரத்தமும் சேர்ந்து ஒட்டியிருந்தன.

பிலோமி அன்றைக்கு மகளைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள். "நிறுத்திரு மக்கா. உங்க அப்பாவப் பாரு."

 ஜெசிந்தா இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்துத் தாயின் முன்னால் வைத்தாள். "நேத்து வரும்போது மூணாந் தெருவுலயே நிறுத்திரலாம்னு நெனைச்சேன்ம்மா. கை நிக்கல. கோவில் வாசல் வந்தப்புறம்தான் நின்னுச்சு. அது எங்க நிக்கும்னு இப்ப எனக்குத் தெரியாது."

"இத யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லிட்டு அப்புறம் ஊருல எப்படி இருக்க?"

மழை விட்ட பிறகு ஒரு வெள்ளைக் கார் வந்தது. அதில் வந்தவர் பெரிய கூட்டங்களை ஏற்பாடு செய்து கொடுப்பதைத் தொழிலாகச் செய்கிறவர், யாருக்காக என்று சொல்லவில்லை. பட்டணத்தில் லட்சக்கணக்கில் ஆட்கள் சேரப்போகிற ஓர் இடத்துக்கு ஜெசிந்தா வந்து அடிக்க வேண்டும் என்றார். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர் காரைவிட்டு இறங்கவே இல்லை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலை மடக்கி இருக்கையின்மேல் வைத்திருந்தார். அதைப் பிலோமி பார்த்தாள். கமிட்டிக்காரர்கள் பெருமையில் அதைப் பார்க்கவில்லை.

"ஒருமுறை எனக்குப் பார்க்கணும்," என்றார் அவர் மரியாதையாக. "கோவில் வரைக்கும்தான் போவாங்களா, இல்ல எங்க சொன்னாலும் போவாங்களா? கடற்கரைக்குப் போகச் சொல்லுங்களேன்."

மறுநாள் காலை வலைக்கூடத்தைப் பூட்டிவிட்டு ஊர் கடற்கரைக்கு இறங்கியது. கார் மேட்டில் நின்றது. ஜெசிந்தா மீன் ஏலத் திண்டின்மேல் ஏறி நின்று அடித்தாள், ஜனங்கள் அவளைக் கடந்து வரிசை வரிசையாக மணலில் நடந்தார்கள், முதல் வரிசையில் லியோன் மாஸ்டரும் அவர் மகன் ஆல்வினும். ஈர மணல் வந்ததும் அவள் நிறுத்துவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கால்கள் ஈர மணலைத் தாண்டின. முதல் வரிசையின் கணுக்காலைத் தண்ணீர் தொட்டது, பிறகு முழங்காலை. யாரும் கூச்சல் போடவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பின்வரிசைகளில் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவர்கள் அதைத் தோளுக்கு ஏற்றினார்கள், தோளில் வைத்திருந்தவர்கள் தலைக்கு ஏற்றினார்கள், காலை மட்டும் நிறுத்தவில்லை.

நடு வரிசையில் இருந்த பிலோமி திரும்பி மகளைப் பார்த்தாள். ஜெசிந்தாவின் முகம் அவளை நோக்கித்தான் இருந்தது, வாய் திறந்திருந்தது, ஆனால் சத்தம் டிரம்மிலிருந்துதான் வந்தது, ஓர் அடி பிசகாமல்.

பிலோமி விழுந்தாள். முகம் மணலில் பட, இரண்டு கைகளையும் ஊன்றி, வேண்டுமென்றே விழுந்தாள். முதுகிலும் கெண்டைக்காலிலும் அக்கம்பக்கத்தார் மிதித்துப் போனார்கள், அவள் மைத்துனி மிதித்தாள், ஞானஸ்நானத்துக்கு அவள் கையில் ஏந்திய பையன் மிதித்தான். ஆனால் இன்னாசி சொன்னது சரிதான், கால் அவளுடையதாக இருந்தது. கால்களின் காட்டுக்குள்ளே அவள் நாலு காலில் தவழ்ந்து, எதிர்த்திசையில், கரைக்கு ஊர்ந்தாள். திண்டருகே கிடந்த ஒரு துடுப்பு கையில் அகப்பட்டது. திண்டில் முழங்காலால் ஏறினாள், எழுந்து நிற்கப் பயந்து அப்படியே முழங்காலில் நின்றாள்.

"ம்மா, நிக்க மாட்டேங்கு," என்றாள் ஜெசிந்தா. "என்னைய நிறுத்து."

பிலோமி துடுப்பை ஓங்கி மகளின் வலது மணிக்கட்டில் அடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் டிரம் சத்தத்தைவிடச் சின்னதாகக் கேட்டது. வலது கை தொங்கியது. இடது கை நிற்கவில்லை. ஒற்றைக் குச்சி அடிக்க, தண்ணீரிலும் மணலிலும் நின்ற அத்தனை பேரும் இடது காலால் மட்டும் குதித்துக் குதித்து முன்னேறினார்கள், குதித்தவர்கள் அலையில் சாய்ந்தார்கள். பிலோமிக்கு இரண்டாவது தடவை ஓங்குவதற்குத்தான் பலம் வரவில்லை. அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். ஜெசிந்தா கண்களை மூடிக்கொண்டு தலையசைத்தாள். பிலோமி இடது மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள்.

நடை அறுந்தது. ஊர் மொத்தமும் ஒரே சமயத்தில் விழுந்தது. பிறகுதான் அலறல் வந்தது, யாருடைய பிள்ளை யாருடைய கையில் என்று தெரியாமல் ஜனங்கள் ஒருவரையொருவர் இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் வந்து சேர்ந்தார்கள், ஆல்வின் வரவில்லை. பிலோமி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு திண்டில் உட்கார்ந்திருந்தபோது மேட்டைப் பார்த்தாள். கார் போய்விட்டிருந்தது.

அதன் பிறகு சங்குமுனைக்காரர்கள் அவரவர் காலில் நடந்தார்கள், நடக்கத் தெரியாதவர்களைப்போல நடந்தார்கள். தெருவில் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள். எங்கே போகக் கிளம்பினோம் என்பதை மறந்து பாதியில் நின்றார்கள். பழைய சண்டைகள் திரும்பி வந்தன, புருஷன்மார்கள் வாய்க்காலில் விழுந்து கிடந்தார்கள், அந்த விதவைக்குத் தூக்கம் போய்விட்டது. பிலோமி மகளின் கைகளை உடைத்ததற்காக அவளை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒவ்வொருவராக மீன் கொண்டுவந்து கொடுத்தார்கள், எலும்புக்கு நல்லது என்று ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார்கள், இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு படுத்திருந்த ஜெசிந்தாவை எட்டிப் பார்த்து, "கை எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். கோவிலில் அந்தக் கைகளுக்காக நவநாள் ஜெபம் வைத்தார்கள்.

லியோன் மாஸ்டரும் வந்தார். மகனைப் புதைத்த அன்று துக்கத்துக்குக் குத்திய கறுப்புத் துணி இன்னும் சட்டையில் இருந்தது.

"டாக்டர் என்ன சொல்லுதாரு பிலோமியக்கா? முன்ன மாதிரி வந்துருமாமா?"

"மாஸ்டர், உங்க மவன் போனதே அதாலதான்."

"தெரியும்." அவர் ஜெசிந்தாவின் மாவுக்கட்டையே பார்த்தார். "பத்து வருஷமா அவன் என்கூடப் பேசல அக்கா. அந்த நடை வந்தப்புறம்தான் என் பக்கத்துல நடந்தான். எனக்கு அது திரும்ப வேணும்."

அவர் போன பிறகு பிலோமி கதவைத் தாழிட்டாள். டாக்டர், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்றுதான் சொல்லியிருந்தார். மாவுக்கட்டு வெட்டப்போகிற நாள் எது என்பது எப்படியோ ஊருக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாளுக்கு முந்தின காலை, பஸ் வருகிற நேரத்துக்கு, அவர்கள் மூன்று பேரும் வீட்டைவிட்டு இறங்கினார்கள். ஒரு துணிப்பை மட்டும் பிலோமியின் தோளில் இருந்தது. டிரம்மை அவள் அன்று விடிவதற்குள் கோடாலியால் பிளந்திருந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் ஜனங்கள் வாசலில் நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை, போகாதே என்று சொல்லவில்லை. வெறும் கால்களோடு, கைகளைக் கட்டிக்கொண்டு, பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னாசியை நடுவில் விட்டு, அவர் வேகத்துக்கு, அவர்கள் நடந்தார்கள்.

டீக்கடையைத் தாண்டியபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஒரு நீண்ட அடி, பிறகு இழுத்து வைத்த ஒரு குட்டை அடி. இன்னாசியின் அடி என்றுதான் பிலோமி முதலில் நினைத்தாள், ஆனால் அது பெரிதாக இருந்தது, தெருவளவு அகலமாக இருந்தது. ஜெசிந்தா திரும்பிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். வாசல்களிலிருந்து ஊர் இறங்கி வந்துகொண்டிருந்தது. பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு நடை கிடைக்காதா என்று காத்திருந்தவர்கள், கேட்ட நடையைப் பிடித்துக்கொண்டார்கள். இளவட்டங்களும் மீன்காரிகளும் பள்ளிப் பிள்ளைகளும் லியோன் மாஸ்டரும் நல்ல காலை நீட்டி வைத்து, இன்னொரு காலைத் தொடையில் கை கொடுத்து இழுத்து, நொண்டி நொண்டி வந்தார்கள். எல்லோர் முகத்திலும் அந்தப் பழைய நிம்மதி.

இன்னாசி நின்றார். ஊர் நின்றது. அவர் கெட்ட காலை மெதுவாகக் கொஞ்சம் முன்னால் வைத்துப் பார்த்தார். நூற்றுக்கணக்கான கால்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்தன. அவரை வலைக்கூடத்துக்குள் தள்ளிப் பூட்டிய கைகளெல்லாம் அவருக்குத் தெரிந்த கைகள், அவையெல்லாம் இப்போது தொடையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்து நின்றன. அவர் முகத்தில் ஒரு நொடி என்னவோ ஓடியதைப் பிலோமி பார்த்தாள், முப்பது வருஷத்தில் அந்த முகத்தில் அவள் பார்த்திராத ஒன்று. அவள் ஊரைப் பார்த்துப் பயந்ததைவிட அந்த நொடிக்குத்தான் அதிகமாகப் பயந்தாள்.

"பிலோமி," என்றார் அவர். "என்னைத் தூக்குவியா?"

ஒருநாளும் ஒருவரிடமும் கைத்தாங்கல்கூடக் கேட்காத மனுஷர். அவள் துணிப்பையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தாள், அவர் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார், பிள்ளைகளை உப்பு மூட்டை தூக்குவதுபோல அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். அவர் பாதங்கள் தரையைவிட்டு மேலே போயின. வீங்கிய மணிக்கட்டுகள் அவர் கனத்தில் தீயாக எரிந்தன. அவள் தள்ளாடினாள், பக்கவாட்டில் இரண்டு அடி போனாள், நின்றாள், முழங்கால் மடிந்து நிமிர்ந்தாள், குறுக்கே ஒரு குட்டை அடி, பிறகு எங்கோ ஓர் அடி, ஒன்றைப்போல இன்னொன்று இல்லை, அடுத்தது எப்போது வரும் என்று அவளுக்கே தெரியவில்லை, ஊர் பிடித்துக்கொள்ள அதில் ஒரு நடை இல்லை. கட்டுப்போட்ட இரண்டு கைகளாலும் தகப்பனின் முதுகை அணைத்துக்கொண்டு ஜெசிந்தா பின்னால் தடுமாறி வந்தாள். பஸ்காரர் என்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். மூன்று படிகளையும் பிலோமி முழங்காலாலும் தோளாலும் ஏறினாள், இன்னாசியைச் சன்னலோரச் சீட்டில் இறக்கி, அவர் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் கிளம்பியதும்தான் அவள் வெளியே பார்த்தாள். டீக்கடையிலிருந்து கோவில்வரை சங்குமுனை அப்படியே நின்றது. எல்லோரும் இடது காலைத் தூக்கி வைத்திருந்தார்கள், எங்கே இறக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. பஸ் உப்பளத்துப் பக்கம் திரும்பும்வரை ஒரு கால்கூடத் தரையில் இறங்கவில்லை. அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று யாரிடமும் கேட்க அவளுக்குத் தைரியம் வந்ததில்லை.